ஏழாம் கம்பத்து வெளிச்சம்

ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது என்று ஆரம்பித்தால், அடுத்தபடியாகச் சிங்கம் வந்தாக வேண்டும். இந்தக் காட்டிலும் சிங்கம் உண்டு. ஆனால் சுவரொட்டியில் மட்டும்தான். மற்றபடி நிர்வாகமெல்லாம் அலுவலகம் பார்த்துக்கொண்டது.

முயலின் பெயர் வேலம்மா. காட்டின் கிழக்கே மரங்களை வெட்டி மனை போட்டு, வெட்டிய மரங்களின் நினைவாக 'வேங்கை நகர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் மூன்றாம் குறுக்குத் தெருவில் வேலம்மாவுக்கு ஒரு வளை. தெருவில் பதினோரு விளக்குக் கம்பங்கள். ஆறாவது கம்பம் வேலம்மா வாசலில். ஐந்தாவது, பக்கத்து வீட்டுக் காடை பவுனு வாசலில். ஏழாவது கம்பம் தெரு வளைகிற இடத்தில் இருந்தது. அதுதான் எரியவில்லை.

எரியாத விளக்கின் அடியில் தினமும் பொழுது சாய்ந்ததும் காட்டுப்பூனையார் வந்து உட்காருவார். அவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் துணைத் தலைவர். வெளிச்சத்தில் யார் மேலும் கை வைக்கமாட்டார், நான்கு பேர் பார்த்தால் மரியாதை என்ன ஆவது? இருட்டில் அந்தக் கவலை இல்லை. போன மாதம் எலி வீட்டு மாப்பிள்ளை கடைக்குப் போனார். பை மட்டும் திரும்பி வந்தது. இரங்கல் கூட்டத்தில் காட்டுப்பூனையார்தான் நெகிழ்ந்து பேசினார்.

வேலம்மாவின் மகள் தவமணி, தையல்சிட்டு நடத்தும் தையற்கடையில் வேலை பார்த்தாள். கடை மூடும்போது இருட்டிவிடும். வீட்டுக்கு வர அந்த வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். தினமும் அந்த நேரத்தில் வேலம்மா வாசலிலேயே நிற்பாள்.

"நாளையிலிருந்து நீ வேலைக்குப் போக வேணாம்" என்றாள் ஒரு நாள்.

"விளக்கு எரியலேன்னா விளக்கைப் போடச் சொல்லணும். என்னை ஏம்மா அணைக்கிற?" என்று கேட்டாள் தவமணி.

பெண் கேட்டது நியாயம்தான். மறுநாள் காலையிலேயே வேலம்மா அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

புகார் வாங்கும் ஜன்னலில் ஒரு நாரை, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு காலை எதற்காகவும் கீழே வைப்பதில்லை என்பது அதன் கொள்கை.

"ஏழாவது கம்பத்துல விளக்கு எரியலைங்க."

"ஏழாவதுன்னா யாரு எண்ணினது?"

"நான்தான்."

"நீ எண்ணினா செல்லாது. கம்பத்துல ஒரு நம்பர் எழுதியிருக்கும். அதை எழுதிக் கொண்டா. அடுத்தது!"

வேலம்மா திரும்பி வந்து கம்பத்தைப் பார்த்தாள். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம்தான் ஒட்டியிருந்தது. பாவம், தனி ஆளாக எவ்வளவு கிழிப்பாள்! பவுனு தன் ஆறு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு உதவிக்கு வந்தாள். மேலே சிங்கத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அதைக் கிழித்தால் கீழே, மயில் வீட்டுக் காதணி விழா. அதற்கும் கீழே, 'மூலம், பௌத்திரம், உதிர்ந்த கொம்பு மூன்றே நாளில்'. அதற்கும் கீழே, சிங்கத்தின் போன வருடப் பிறந்தநாள். அலகு வலிக்க வலிக்கப் பவுனு கொத்தினாள். மத்தியானம் நம்பர் தெரிந்தது: 4187.

"கிடைச்சிருச்சு அக்கா!" என்று பவுனு குதித்தாள். ஆறு குஞ்சுகளும் குதித்தன.

வேலம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி ஒரு பக்கத்து வீட்டுக்காரி யாருக்கு வாய்க்கும்" என்று கண் கலங்கினாள். அது உண்மையான கண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

புகார் பதிவானது. வேலம்மாவின் போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. நேரில் பார்த்து அறிக்கை தரப் பொறியாளரை அனுப்பினார்கள். பொறியாளர் ஓர் ஆந்தை. கடமை தவறாதவர். விளக்குப் புகாரைப் பகலில் பார்ப்பது முறையல்ல என்று ராத்திரி வந்து, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'வளைவுப் பகுதி முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. நூறடி தூரத்தில் ஒரு எறும்பு நொண்டி நடப்பதுகூடத் தெரிந்தது. வெளிச்சக் குறைவு இல்லை.'

காலையில் அடுத்த குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

வேலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்முறையீடு செய்தாள். ஆந்தை பார்த்தது செல்லாது, ராத்திரியில் கண் தெரியாதவர் யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டாள். நியாயமான கோரிக்கை என்று அலுவலகமும் ஏற்றுக்கொண்டு சேவலை அனுப்பியது. சேவலுக்கு ராத்திரியில் சுத்தமாகக் கண் தெரியாது. அதனால் காலை பதினோரு மணிக்கு வந்தது. 'போதிய வெளிச்சம் உள்ளது. மேலும் பகல் நேரத்தில் விளக்கை எரியவிடாமல் மின்சாரத்தைச் சேமிக்கும் இத்தெருவினர் பாராட்டுக்குரியவர்கள்' என்று எழுதிவிட்டுப் போனது.

பாராட்டுக் கடிதத்தைச் சங்கத்தில் காட்டுப்பூனையார் வாசித்தார். கைதட்டலும் நடந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் தவமணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். தாவணியில் பாதி இல்லை. "ஒண்ணுமில்லம்மா, முள்ளுல மாட்டிக்கிச்சு" என்றாள். அந்த வளைவில் முள் கிடையாது என்று வேலம்மாவுக்குத் தெரியும்.

மறுநாள் மறுபடியும் வரிசை. அவளுக்கு முன்னால் ஒரு கீரி நின்றது.

"எங்க தெருவுல விளக்கு பகல்லயும் எரியுதுங்க. மூணு நாளா அணையலை" என்றது கீரி.

நாரை தூக்கி வைத்திருந்த காலையும் கீழே வைத்தது. வேலம்மா அதை அன்றுதான் பார்த்தாள்.

"பகல்லயா? மூணு நாளாவா? யோவ், தணிக்கைக்காரன் பார்த்தா தொலைஞ்சோம்! ஏணியை எடுங்கய்யா!" என்று நாரை அலறியது. கீரி வெளியே போவதற்குள் அணில் ஒன்று ஏணியோடு ஓடியது.

வேலம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளக்கு எரியாவிட்டால் கஷ்டம் தெருவுக்கு. விளக்கு எரிந்தால்தான் கஷ்டம் அலுவலகத்துக்கு. கையிலிருந்த மனுவைக் கிழித்துவிட்டு அங்கேயே புதிதாக எழுதினாள்: 'கம்பம் எண் 4187. பகலிலும் எரிகிறது. உடனே அணைக்கவும்.'

அவள் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே அணில் வந்து நின்றது. கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது.

"என்னம்மா, எரியவே இல்லை?"

"அப்ப போயிடுங்களேன்."

"போறதா? எரியும்போது ஒரு படம், அணைச்ச பிறகு ஒரு படம், ரெண்டும் ஏத்தினாத்தான் வேலை முடியும். எரியாத விளக்கை நான் எப்படிம்மா அணைக்கிறது?" அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"புது பல்பு போட்டு எரிய வைங்க. அப்புறம் அணைங்க."

"பல்புக்கு எங்க போறது? கிடங்குல இருக்குதாம். ஆனா உள்ளே விளக்கு எரியலை, தேட முடியலைன்னு கிடங்குக்காரன் சொல்றான்."

யோசித்துவிட்டு, அணில் பக்கத்துக் கம்பத்தில் ஏறியது. ஆறாம் கம்பத்து பல்பைக் கழற்றி ஏழாம் கம்பத்தில் மாட்டியது. ஸ்விட்சைப் போட்டது, எரிந்தது, ஒரு படம். ஸ்விட்சை அணைத்தது, அணைந்தது, இன்னொரு படம். வேலை முடிந்தது. கழற்றிய பல்பை ஆறாம் கம்பத்தில் திருப்பி மாட்ட உத்தரவு இல்லாததால் அதை ஏழிலேயே விட்டுவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் தெருவுக்கே ஸ்விட்ச் போட்டபோது ஏழாம் கம்பம் ஜகஜ்ஜோதியாக எரிந்தது. தவமணி வளைவில் ஓடாமல் நடந்து வந்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் நடந்து வந்து! வேலம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பவுனுவுக்கு ஒரு கிண்ணம் கேரட் அல்வா கொடுத்தனுப்பினாள்.

அப்புறம்தான் வாசலைப் பார்த்தாள். வாசல் இருட்டாக இருந்தது. ஆறாம் கம்பத்தடியில், அவள் வளைக்கு நேர் எதிரே, யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"என்ன வேலம்மா, சௌக்கியமா? அங்கே ஒரே கண் கூச்சமா இருக்கு. இங்கே காத்து நல்லா வருது" என்றார் காட்டுப்பூனையார்.

வேலம்மா கண் மூடவில்லை. விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினாள். வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் யோசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மனு என்ன செய்யும் என்று இந்த முறை அவளுக்கு நன்றாகத் தெரியும். பவுனுவின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற முள்ளம்பன்றி, "போங்கம்மா சீக்கிரம்" என்றது. முள்ளம்பன்றி பின்னால் நிற்கும்போது யாரும் ரொம்ப நேரம் யோசிக்க முடியாது. 'கம்பம் எண் 4186. பகலிலும் எரிகிறது' என்று எழுதி நீட்டினாள்.

அணில் வந்தது. எரியாத ஆறாம் கம்பத்தைப் பார்த்தது. இந்த முறை அழவில்லை, அதற்கும் பழகிவிட்டது.

"பல்பு வேணும். ஏழுல கழட்டவா, அஞ்சுல கழட்டவா?"

ஐந்தாம் கம்பத்தடியில் பவுனுவின் ஆறு குஞ்சுகளும் மண்ணில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. வேலம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"ஏழு வேணாம்" என்றாள்.

ஐந்து என்று அவள் வாயால் சொல்லவே இல்லை. இதை அவள் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறாள்.

நாலு நாள் கழித்துப் பவுனு வந்தாள். அவள் பின்னால் ஐந்து குஞ்சுகள் வந்தன. வேலம்மா எண்ணவில்லை, கண்ணில் பட்டுவிட்டது.

"அக்கா, எங்க வாசல்ல விளக்கு எரியலை. உங்க வாசல்ல மட்டும் எப்படிக்கா உடனே வந்து போட்டாங்க? மனு எப்படி எழுதினீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

வேலம்மா அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். பிறகு தலைக்கு மேலே இருந்த தன் விளக்கைப் பார்த்தாள்.

"இதுல என்ன ரகசியம் இருக்கு பவுனு? உள்ளதை உள்ளபடி எழுது. விளக்கு எரியலை, பயமா இருக்கு, பிள்ளைங்க இருக்குன்னு எழுது. உண்மையா எழுதினா நிச்சயம் நடவடிக்கை எடுப்பாங்க."

பவுனு நன்றி சொல்லிவிட்டுக் கம்ப எண்ணைத் தேடிக் காகிதம் கிழிக்கப் போனாள். வேலம்மாவுக்கு அன்று கொஞ்சம் வேலை இருந்தது, உதவிக்குப் போக முடியவில்லை.

நீதி: எப்போதும் உண்மையே எழுத வேண்டும் என்று அடுத்த வீட்டாருக்குத் தவறாமல் சொல்லிக்கொடுங்கள். உங்கள் வாசலில் வெளிச்சம் நிலைத்திருக்கும்.