இனிமேல் இதுதான்காரர்

ஐயா, அம்மா, ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘இனிமேல் இதுதான்காரர்’ என்றோர் இனம் நம் நடுவே பெருகிவருவதைக் கவனித்தீர்களா? எல்லாத் தொழிலிலும் இவர் உண்டு என்றாலும், கணினித் தொழிலில், அதிலும் ஃபிரண்ட் எண்ட் என்கிற பிரிவில், அதாவது வலைத்தளத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற படம், பொத்தான், பட்டியல் இவற்றைச் செய்து தருகிற வேலையில், கூட்டம் கூட்டமாக வாழ்கிறார். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார். நீங்களும் வெள்ளந்தியாக ஒரு பெயரைச் சொல்வீர்கள். உடனே துக்க வீட்டுக்கு வந்தவர் முகத்தை வைத்துக்கொண்டு, “அது செத்துப்போச்சே, தெரியாதா?” என்பார். நீங்கள் பதறுவீர்கள். அவர் முகம் மலரும். “இனிமே இதுதான்” என்று வேறொரு பெயரைச் சொல்வார். அது போன வாரம் பிறந்த குழந்தையாக இருக்கும்.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துப் பார்ப்போமா? பெயர் செல்வம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது மும்பை சுனாபட்டியில், ஆபீஸ் பேலாப்பூரில். தினமும் காலையில் ஹார்பர் லைன் ரயிலில் ஒரு கை மேலே கைப்பிடியிலும் மறு கை போனிலும், முதுகில் யாரோ ஒருவருடைய முழங்கையுமாக அவர் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். செம்பூர் வருவதற்குள் புதிதாக வந்த கருவிகளைப் பற்றிய செய்திகளைப் படித்து முடிப்பார். கோவண்டியில் அவற்றைப் புகழ்ந்து எழுதியவற்றை, மான்குர்டில் திட்டி எழுதியவற்றை. ரயில் வாஷிப் பாலத்தில் ஏறியதும் மற்றவர்கள் வீட்டுச் சாமிக்குப் போட்ட பழைய பூமாலையைத் தண்ணீரில் எறிவார்கள் அல்லவா? செல்வம் அந்த நேரத்தில் தம் மனத்திலிருந்து ஒரு பழைய கருவியைத் தண்ணீரில் எறிந்து தலைமுழுகிவிடுவார். பேலாப்பூரில் இறங்குகிறவர் புது மனிதர்.

‘லெகசி’ என்பது அவருக்குப் பிடித்த வசவு. போன மாதத்துக்கு முந்தியதெல்லாம் அவர் அகராதியில் லெகசி. வீட்டில் மாவு ஆட்டும் கிரைண்டரைக்கூட ஒருநாள் அப்படிச் சொன்னார். அவருடைய மனைவி இசக்கிசெல்வி அரிசியை அள்ளிப் போட்டபடியே கேட்டாள்:

“அப்போ நானு?”

நல்ல வேளை, செல்வம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இனிமேல் இதுதான்காரருக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த மனிதர் பயந்துபோயிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரரை வேலையை விட்டு அனுப்பியபோது ஆபீஸ் சொன்ன காரணம், அவர் செய்கிற வேலையை இனி ஏஐ செய்துவிடும் என்பது. அன்றிலிருந்து போனில் வருகிற ஒவ்வொரு செய்தியும் தம் பெயருக்கு வந்த நோட்டீஸ் போலவே செல்வத்துக்குத் தெரிந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், வண்டி நகர்கிறது, நாம் மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கிறோம். இந்த நினைப்போடு நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க முடியுமா? பயத்தை வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல். ஆகவே அதை உபதேசமாக மாற்றி மற்றவர்களுக்கு வழங்கிவந்தார்.

அப்படி உபதேசம் பெற்றவர்களில் ஒருவர்தான் ராஜபாண்டி. இசக்கிசெல்வியின் அண்ணன், தாராவி மெயின் ரோட்டில் தோல் பைக் கடை வைத்திருப்பவர். தீபாவளிக்கு ஆபீஸ்காரர்கள் மொத்தமாகப் பை வாங்கி ஊழியர்களுக்குப் பரிசு கொடுக்கிற அந்த ஒரு சீசன்தான் அவர் கடைக்கு உயிர். போன வருஷம் அந்த ஆர்டர்களெல்லாம் இணையத்தில் படம் காட்டிய கடைகளுக்குப் போய்விட்டன. இந்த வருஷமும் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு, இசக்கிசெல்வி மார்தட்டிவிட்டாள். “எங்க வீட்டுக்காரரு இருக்காருல்லா? நாளைக்கே செஞ்சு தருவாரு.”

ராஜபாண்டி கேட்டது மிகச் சின்ன விஷயம்.

“பெருசா ஒண்ணும் வேண்டாம் மாப்ள. நம்ம பைகளோட போட்டோ, போன் நம்பரு, சயான் ஸ்டேஷன்லேருந்து எப்படி வரணும்னு. ஆபீஸ்காரங்க கண்ணுல பட்டாப் போதும்.”

ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிகிற வேலை. முடிந்தும்விட்டது என்றே சொல்லலாம். போன் நம்பர் போடுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. செல்வம் கட்டியதையெல்லாம் கலைத்துவிட்டுப் புதிய கருவியில் மறுபடி தொடங்கினார். தஹி ஹண்டி என்கிற உறியடித் திருவிழா சமயத்தில் திரையில் பை சுழன்றது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பை சுழன்றபடியே நிறம் மாறியது. நவராத்திரிக்குப் பக்கம் முழுவதும் கறுப்பாகி, அதில் கறுப்புப் பை இருக்கிற இடமே தெரியாமல் போயிற்று. போன் நம்பர்? அது கடைசியில் போடுவது, அவசரப்படாதீர்கள்.

“என்ன மாப்ள, சைட்டு வந்துட்டா?”

“வந்த மாரிதான் மச்சான். ஆனா அதச் செஞ்ச சாமான் செத்துட்டு.”

“நம்ம பை சாவலல்லா? அதப் போட்டு விடுங்க மாப்ள.”

“கொஞ்சம் பொறுங்க மச்சான். இனிமே கோடே எழுத வேண்டாம். ஏஐகிட்டச் சொன்னா அதுவே சைட்டக் கட்டிரும். ஒங்களுக்குப் பதிலா சைட்டுல கிராக்கிகிட்டப் பேசவும் செய்யும். நீங்க பேசுத மாரியே பேசும். இனிமே இதுதான்!”

“நான் பேசுத மாரியேவா?” என்றார் ராஜபாண்டி. தம் பேச்சுத் திறமையில் அவருக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. விழுந்துவிட்டார்.

மச்சான் மாதிரி பேச வேண்டுமானால் மச்சான் பேசுவதை ஏஐ கேட்க வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செல்வம் கடையில் உட்கார்ந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் போனை வைத்து, நடந்த பேச்சு அத்தனையையும் பதிவு செய்தார். இங்கேதான் நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தாராவியில் நம்மவர்கள் கடைகளில் வாங்க வருகிற கிராக்கியிடம் பேசுவது இந்தியில்; தங்களுக்குள் பேசுவது தமிழில். ராஜபாண்டி நெஞ்சில் கை வைத்து, இதற்குக் கீழே குறைத்தால் என் பிள்ளைகள் பட்டினி என்று இந்தியில் உருகுவார், உருகின முகம் மாறாமல் விற்பனையாள் பூதத்தானிடம் திரும்பி, “பாதிக்குக் குடுத்துருவோம்டே. வாசல் வரைக்கும் போவ விட்டுக் கூப்புடு” என்று தமிழில் முடிப்பார். கிராக்கியின் காதில் அது கோயில் அர்ச்சனை மாதிரி விழும். கிராக்கி மட்டும் யோக்கியமா? அவரும் பிடித்துப்போன பையைப் பிடிக்காதது போலத் தூக்கிப் போடுவார். இது இரண்டு பக்கமும் தெரிந்து ஆடுகிற ஆட்டம், இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

அந்த இந்தி, அந்தத் தமிழ் இரண்டையும் செல்வம் அப்படியே ஏஐக்கு ஊட்டினார். ‘கிராக்கி கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் உதவி செய்’ என்ற உத்தரவும் போட்டார். ஏஐக்கு உலகத்து மொழியெல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். தாம் சொன்னதைத் தாமே நம்பவில்லை போலிருக்கிறது.

தீபாவளி நெருங்கியது. அந்தேரியில் ஒரு பெரிய ஆபீசிலிருந்து ஒரு மேடம் கடைக்கு வந்தார். சைட்டைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்! ராஜபாண்டிக்குக் கால் தரையில் இல்லை. ஸ்பெஷல் சாய் வரவழைத்தார். மொத்த ஆர்டர் என்றதும் விலையைச் சொல்லி, நெஞ்சில் கை வைத்து, பிள்ளைகளின் பட்டினியை ஆரம்பித்தார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் போனை நீட்டினார். நம் சைட்டின் ஏஐ, விலை எவ்வளவு குறையும் என்ற மேடத்தின் கேள்விக்கு நல்ல இந்தியில் இப்படிப் பதில் சொல்லியிருந்தது:

‘நமஸ்தே மேடம்! சேட் முதலில் சொல்லும் விலையில் பாதிக்குத் தருவார். பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரை நடந்தால் சீக்கிரம் கூப்பிடுவார். முன்வரிசையில் உள்ள பழுப்புப் பையைத் தவிர்க்கவும். அதன் ஜிப் மக்கர் செய்கிறது. அதை முதலில் தள்ளிவிடும்படி பூதத்தானிடம் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’

மேடம் பழுப்புப் பையை எடுத்து ஜிப்பை இழுத்தார். அது மக்கர் செய்தது. பூதத்தான் தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்தப் போனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். “திங்கட்கிழமை சொல்கிறேன்” என்று மேடம் எழுந்து வாசல் வரை நடந்தார். கூப்பிடலாமா கூடாதா என்று ராஜபாண்டிக்குத் தெரியவில்லை. முதல் தடவையாக ஒரு கிராக்கி வாசலையும் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் செல்வத்தின் போன் அலறியது.

“மாப்ள, அந்த எழவ மொதல்ல நிறுத்துங்க! தமிழ்ல சொன்னதெல்லாம் இந்தியில ஒப்பிக்குது!”

நிறுத்தலாம்தான். எங்கே நிறுத்துவது? சைட்டை ஏஐ கட்டியது; செல்வம் ஒரு வரிகூட எழுதவில்லை; அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே ஏஐயிடமே சொன்னார். ‘நீங்கள் சொல்வது மிகவும் சரி! உடனே நிறுத்திவிட்டேன்’ என்றது அது. திறந்து பார்த்தால் பேசிக்கொண்டிருந்தது. மறுபடியும் சொன்னார். ‘மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள்! இப்போது உண்மையாகவே நிறுத்திவிட்டேன்’ என்றது. மலாடிலிருந்து யாரோ ஒருவருக்கு அது சொல்லிக்கொண்டிருந்தது: ‘கடையில் இப்போது பதற்றமாக இருக்கிறார்கள். விலை பேச நல்ல நேரம்.’

அந்த நிலையிலும் செல்வத்தின் கண்ணில் ஒரு செய்தி பட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத ஏஐயைக் கட்டி மேய்க்க இன்னொரு ஏஐ வந்திருக்கிறதாம். விரல் அதை நோக்கிப் போனது. இசக்கிசெல்வி அந்தப் போனைப் பிடுங்கினாள்.

“எங்க அண்ணன் ஒங்ககிட்ட என்னங்க கேட்டான்? போட்டோவும் நம்பரும். என்னைய நம்பித்தான கேட்டான்? இந்தத் தீவாளி ஓடலன்னா அவன் கடைய இழுத்து மூடணும். நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டு வாசப்படிய மிதிப்பேன்?”

செல்வத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. வேலை போய்விடுமோ என்று இத்தனை மாதம் பயந்தவருக்கு, கொடுத்த வேலையைத் தாம் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்தார். எந்தப் புதுக் கருவியும் இல்லாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட முறையில், ஒரு மொட்டைப் பக்கம் எழுதினார். வெள்ளைத் தரை, கறுப்பு எழுத்து, பைகளின் படம், சயானிலிருந்து வழி, கொட்டை எழுத்தில் போன் நம்பர். சைட்டின் முகவரியை அந்த வாயாடியிடமிருந்து கழற்றி இதில் மாட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அந்த நம்பரில் மேடம் கூப்பிட்டார். “மெஷின் இல்லையே? மனுஷன்தானே?” என்று இந்தியில் கேட்டு உறுதி செய்துகொண்டார். ராஜபாண்டி செத்த குரலில், ஒளிக்க என்ன இருக்கிறது, பாதி விலைதான் மேடம் என்றார். மேடம் அதோடு விடவில்லை.

“அதுல இன்னும் கொஞ்சம் குறைங்க சேட்.”

ராஜபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சில் கை வைத்தார். போனில் அது தெரியாது என்பது வேறு விஷயம். பிள்ளைகள் மறுபடி பட்டினி கிடந்தார்கள். பூதத்தானிடம் ஏதோ சொல்லத் திரும்பியபோது, “தமிழ் வேண்டாம் சேட், தமிழ் வேண்டாம்” என்று போனுக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. ஜிப்புகளையெல்லாம் இழுத்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்ற நிபந்தனையோடு, பாதிக்கும் கொஞ்சம் கீழே, ஆர்டர் முடிந்தது. லாபம் மெலிந்துவிட்டது, கடை பிழைத்தது.

இத்தோடு செல்வம் திருந்தினார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. செவ்வாய்க்கிழமை காலை ரயில் கோவண்டி தாண்டுவதற்குள் இணையத்தில் அறிவித்துவிட்டார்: ‘ஏஐ சைட்டெல்லாம் செத்துப்போச்சு. மொட்டைப் பக்கம். இனிமே இதுதான்.’ ஆயிரம் பேர் கைதட்டினார்கள். பேலாப்பூர் ஆபீசில் அவருடைய மேலதிகாரி, நம் பக்கங்களையெல்லாம் மொட்டையடித்தால் என்ன என்று கேட்டுவிட்டார். ராஜபாண்டியின் பக்கத்தையும் இன்னும் கொஞ்சம் மொட்டையாக்கலாம், அந்தப் போன் நம்பர்தான் கண்ணை உறுத்துகிறது என்று செல்வம் அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்தார். உள்ளே நுழைய முடியவில்லை. இசக்கிசெல்வி பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள்.

“தீவாளி முடியட்டும்” என்றாள்.

“எந்தத் தீவாளி?” என்று கேட்டார் செல்வம். அவள் அரிசியை அள்ளிக் கிரைண்டரில் போட்டாள்.

நீங்கள் நல்ல சிரிப்புச் சிரித்தீர்கள். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வி. தமிழையும் இந்தியையும் அவ்வளவு சுத்தமாகப் புரிந்துகொண்டதே அந்த ஏஐ, அதன் பெயர் என்னவாக இருக்கும், நாமும் முயன்று பார்க்கலாமா என்று நடுவில் ஓரிடத்தில் உங்களுக்கு ஓர் எண்ணம் ஓடியதா? ஓடியிருந்தால், இதை மூடிவைத்துவிட்டு உங்கள் பாஸ்வேர்டை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.