ரக்சாக் அண்ணையின் நான்கு மணி நேர மலை

டார்ம்ஸ்டாட்டில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றில் அரை மணி நேரத்தில் யாரும் ஏறிவிடலாம். அதற்கு நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான்: என் கீழ்வீட்டுக்காரர் ரக்சாக் அண்ணை. குப்பை போடப் போனாலும் முதுகில் பெரிய பையோடு போகிறவர் என்பதால், அவருடைய யாழ்ப்பாணத்து நண்பர்கள் வைத்த பெயர் அது.

எனக்கு அப்போது வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. விசா என்னாகுமோ என்று கட்டிலிலேயே கிடந்தேன். ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணை கதவைத் தட்டினார்.

"வெளிக்கிடுங்கோ தம்பி. மலை ஏறப் போறம்."

"முடியாது அண்ணை, மூடே இல்ல."

"மலையிட்டை டெர்மின் எடுத்தாச்சு. இண்டைக்கு விட்டால் அடுத்தது மூண்டு மாசத்துக்குப் பிறகுதான்."

ஜெர்மனியில் டெர்மினை, அதாவது முன்கூட்டி வாங்கிய சந்திப்பு நேரத்தை, தவறவிடும் துணிச்சல் எனக்கு இல்லை. போனேன்.

அடிவாரத்தில் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து என் இடுப்பையும் தன் இடுப்பையும் பிணைத்துக் கட்டினார். ஏறப்போவது என்னவோ தார் ரோடு. ஐம்பது அடி நடந்ததும் "முதலாம் முகாம்" என்று அறிவித்து, மடக்கு நாற்காலிகள் இரண்டை விரித்தார். இஞ்சி போட்ட தேநீர் வந்தது. இரண்டாம் முகாமில் இடியப்பமும் சம்பலும். மூன்றாவதில், "இஞ்சை காத்துக் குறைவு, கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஒரு மணி நேரம் கதைத்தார்.

குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து மேலே போன ஒரு ஜெர்மன் பெண், திரும்பி வரும்போது எங்கள் கயிற்றைப் பார்த்து நின்றாள். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

"உடம்பு உயரத்துக்குப் பழகுது எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவள் கீழே எட்டிப் பார்த்தாள். எங்கள் கட்டடத்துக் குப்பைத் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தடவை. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு உச்சியை அடைந்தோம். அங்கே ஒரு சின்னக் காப்பிக் கடை. கடைக்காரப் பெண் அண்ணையைப் பார்த்ததும் ஜெர்மனில் கேட்டாள்: "இன்றைக்கு ஏன் இவ்வளவு தாமதம்? தினமும் காலையில் ஓடியே ஏறி வந்துவிடுவீர்களே?"

அண்ணை அது காதில் விழாதவர் போல, குனிந்து இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

இறங்கும்போது, அவர் முகாம் என்று சொன்ன இடத்திலெல்லாம் உட்கார்ந்தேன்.