மெதுவா சாரும் மட்கும் பையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ்ஸில், டிரைவருக்கு முன்பாக வாயாலேயே பிரேக் போடுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்பார். டீ ஆற்றுகிறவரிடமும் அதையே சொல்வார். தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையிடமும் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பெற்றோர் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் 'மெதுவா சார்'.

கீழே சேலத்தில் ஏதோ பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு ஷெட்டைப் பிடித்து, பை செய்யும் பழைய மிஷின் ஒன்றை நிறுத்தினார். மண்ணில் புதைத்தால் மட்கிப் போகும் பிளாஸ்டிக்கில் பை செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. "ஆயுசு பூரா மட்காததைப் பண்ணிட்டேன் சார். ஒரே ஒரு நல்ல பை பண்ணிட்டுப் போறேன்" என்பார்.

நான் அப்போது நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நாற்றங்காலுக்கு சூப்பர்வைசர். கறுப்புப் பாலிதீன் பையில் நாற்று வளர்த்து, மழைக்காலத்தில் பிளேடால் பையைக் கிழித்து நடுவோம். நடுகிற ராசாத்தியின் விரல்களில் ஆனி மாதம் முழுக்கத் துணி சுற்றியிருக்கும். "பையோடவே நட்டுப்போட்டா கை தப்பிக்குமுங்க சார்" என்பாள். அதை மெதுவா சாரிடம் சொன்னேன். அவ்வளவுதான், என்னை விடவே இல்லை.

அவருடைய பையில் நாற்று வளர்த்துப் பார்க்க எஸ்டேட் முதலாளி அரை மனதாகச் சம்மதித்தார். "ஒரு பாத்திக்குத்தானுங்க. நாத்து போச்சுன்னா உங்க வேலையும் போச்சு. பார்த்துக்கங்க."

முதல் கட்டுப் பை வந்தது. மண்ணைப் போட்டதுமே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் பிளந்தது. அடுத்ததும் அப்படியே.

"ஏனுங்க சார், வாழைநார் உரிக்கறாப்பல நொம்ப அழகா வருதுங்களே!" என்றாள் ராசாத்தி.

முதலாளி வருகிறாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். மெதுவா சாரோ ஒரு பையை எடுத்துக் கிழித்துப் பார்த்து முகமெல்லாம் பூரித்தார். "பாத்தீங்களா, எவ்வளவு நேரா கிழியுது!"

"சார், என் வேலை போயிருமுங்க."

"அது கிடக்கட்டும், இதைப் பாருங்க."

விளக்கிக் காட்டுகிறேன் என்று நாற்றங்காலில் வேலை செய்த பெண்களைக் கலைந்து நிற்கச் சொன்னார். "பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்துத்தான் பை பண்றோம். அதுக்குள்ளே நீளநீளமா இழைங்க. சும்மா இருந்தா இப்படித்தான் சுருண்டு கிடக்கும். இப்ப பாருங்க..." என்றவர், திடீரென்று, "நாகலூர் பஸ் வருது!" என்று கத்தினார். அத்தனை பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வரிசையாக நின்றுவிட்டார்கள். "இதேதான்! வேகமா இழுத்தா இழைங்க வரிசையா நின்னுடும். வரிசையா நின்னா சட்டுனு இறுகிப் படிகமாயிடும். நீளவாக்குல பலம், குறுக்கே பலமே இருக்காது." விளக்கம் முடிந்துவிட்டது. பஸ் வரவில்லை என்று தெரிந்த பெண்கள்தான் திரும்பி வந்து அவரைச் சும்மா விடவில்லை.

"வேகமா ஏனுங்க இழுத்தீங்க?" என்று கேட்டாள் ராசாத்தி.

"கரண்ட் போயிடுமோன்னு..."

"ஊருக்கெல்லாம் மெதுவா சொல்லிப்போட்டு நீங்க ஓடுனீங்களாக்கும்!"

அந்த வாரம் பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. உடம்புக்கு முடியலையோ என்று டிரைவர் விசாரித்தார்.

இரண்டாவது கட்டை ஆமை வேகத்தில் இழுத்தார். மடித்தால் அப்பளம்போல நொறுங்கியது. நிதானமாக ஆறியதில் படிகங்கள் பெரிது பெரிதாக வளர்ந்துவிட்டனவாம். மெல்ல இழுக்கவும் வேண்டும், உள்ளே காற்றை ஊதிப் பக்கவாட்டில் விரிக்கவும் வேண்டும், வெளியே சட்டென்று குளிர வைக்கவும் வேண்டும். அதற்கு ஃபேன் தேவை. மார்கழி மாதம், ஏற்காட்டில் ஃபேன்! கடை கடையாக, வீடு வீடாக இரண்டு பேரும் அலைந்தோம்.

ஏரிப்பக்கத்து லாட்ஜ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்வெட்டருக்கு மேல சால்வை போத்திக்கிட்டு ஃபேன் கேக்கறீங்களே, காய்ச்சலுங்களா?" இருந்தாலும் கோடைக்கு வருகிறவர்களுக்காக வாங்கிப் போட்டிருந்த டேபிள் ஃபேனைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

அன்று முழுக்க மங்கி குல்லாவோடு அந்தக் காற்றின் எதிரில் நின்று, பல் தந்தியடிக்க அவர் பை இழுத்தார். வெடவெடவென்று நடுங்கியபடியே மிஷினிடம் "மெ... மெ... மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

அந்தப் பைகள் நின்றன. மண்ணைத் தாங்கின, தண்ணீரைத் தாங்கின, முதலாளியின் சந்தேகத்தையும் தாங்கின. ஆனி மழையில் அந்தப் பாத்தி நாற்றுகளைப் பையோடு குழியில் இறக்கினோம். அன்று ராசாத்தியின் விரல்களில் துணி இல்லை. சாயங்காலம் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலையில் சுமந்து போய் அவருடைய ஷெட் வாசலில் இறக்கினாள். அவர் தின்னத் தெரியாமல் கையெல்லாம் பால் ஒட்ட நின்றதை ஒண்டிக்கடையே பார்த்தது.

அதற்குப் பிறகு அந்த மட்கும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள் கிடைக்கவில்லை. மிஷினை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கீழே போய்விட்டார். எனக்கு வேலையும் இருந்தது, சம்பளமும் ஏறியது. அவருக்குப் பை மட்கியதா என்று பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

அடுத்த மழைக்கு, பையோடு நட்டதில் ஒரு செடியின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக வேர்கள். இன்னும் தோண்டினேன். வேரும் மண்ணும் மட்டும்தான். சேற்றுக் கையோடு பஸ் ஏறி எஸ்டிடி பூத்துக்குப் போனேன்.

"சார், தோண்டிப் பார்த்தேனுங்க. ஒண்ணுமே இல்லீங்க சார்!"

"ஒண்ணுமே இல்லையா?"

"பையில ஒரு துணுக்குக்கூட இல்லீங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.