இருப்பினும், டாரீன்

"டாரீன் நல்லவள்" என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியம் வராமல் லயனல் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மனைவியின் இறுதிச் சடங்கு; அதில் அவளைப் பற்றி அவர் பேச வேண்டும். இங்கிலாந்தில், ரோச்டேல் என்ற ஊரில் காலமெல்லாம் ஆங்கில இலக்கணம் நடத்தியவர். இணைப்புச் சொல் போட்டு வாக்கியங்களைக் கோக்காத பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்கியவர்.

"நன்றாகச் சமைப்பாள்" என்று சேர்த்தார். இரண்டும் தனித்தனியே முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் "அதுமட்டுமன்றி" என்று போட்டார்.

மகள் ஜில்லியன் வாங்கிப் படித்தாள். "அப்பா, வீடு விக்கிற விளம்பரம் மாதிரி இருக்கு."

அதை அடித்துவிட்டு "இருப்பினும்" போட்டார். போட்ட பாவத்துக்கு ஒரு குறை சொல்ல வேண்டியதாயிற்று. காரில் போகும்போது அவள் கத்துவாள் என்று எழுதினார். அதைச் சமாளிக்க ஒரு "ஏனெனில்" வந்தது. ஏனெனில் அவர் ஓட்டிய லட்சணம் அப்படி.

"இப்ப புகார் மனு மாதிரி ஆயிடுச்சு. அம்மா இல்லாம உனக்கு எப்படி இருக்கு? அத எழுதேன்."

"அதுக்குத்தான் ஜில், வார்த்தை கெடைக்கல."

காலையில் பதற்றம் தாங்கவில்லை. மகளுக்குக்கூடக் காத்திராமல் பஸ் பிடித்துத் தகனக் கூடத்துக்குப் போய்விட்டார். உள்ளே சவப்பெட்டி வந்திருந்தது. பின் பெஞ்சில் கறுப்புக் கோட்டு போட்ட சில ஆண்கள். டாரீனோடு நூலகத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். யாரென்று கேட்க அவருக்குக் கூச்சம். அவர்களுக்கும் அதே கூச்சம்.

சடங்கு நடத்தும் பெண்ணுக்கு அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அப்பாடா, வந்தீங்களே. இவங்களப் பத்தி நாலு வார்த்தை பேசுறீங்களா?"

"மக வந்துடட்டுமே..."

பின் பெஞ்சில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சடங்குக்குக் காத்திருக்கும் குடும்பத்தின் நேரத்தைத் தின்பதைவிடப் பெரிய பாவம் அந்த ஊரில் கிடையாது. லயனல் எழுந்துவிட்டார்.

காகிதத்தைப் பிரித்தார். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலைல டீ போட்டேன். ரெண்டு கப் எடுத்துட்டேன். ஒண்ணத் திரும்ப வெச்சேன். வீடெல்லாம் குளிருது. உன் பக்கம் திரும்பிப் படுக்க பயமா இருக்கு. நான் நல்லா இல்ல."

ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்கள். பிள்ளைகள் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார். பின் பெஞ்சு முழுக்க மூக்கைச் சிந்தியது. லயனல் பெட்டியின் மேல் கையை வைத்து, வெட்கத்தை விட்டு அழுதார். பெட்டியை மறைக்கும் திரை மெல்ல மூடிக்கொண்டது.

வெளியே வந்தபோது மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, நாங்க பெட்டி தூக்குறவங்க. உள்ள பெட்டியில இருந்த அந்தம்மாவுக்கு அழறதுக்குன்னு ஒருத்தரும் வரல, அதான் உங்களத் தடுக்க மனசு வரல. உங்க வீட்டம்மா வண்டி இப்பத்தான் கேட்டுக்குள்ள வருது."