அம்மன் சேலையில் என் கையெழுத்து

கூச்ச சுபாவம் உள்ளவன் தன் பெயரை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. எழுதினால் அது அவனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ரேஷன் கடையில் என் பெயரைக் கூப்பிட்டாலே வேறு யாரையோ என்று பின்னால் திரும்பிப் பார்க்கிற ஆள் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்குக் கணக்கு வரவில்லை என்று காரணம் சொல்வேன். உண்மையில் எழுந்து நின்று பதில் சொல்வதுதான் வரவில்லை. அப்படிப்பட்டவனின் கையெழுத்து ஒரு வருடம் முழுக்க வீட்டுக்கு வீடு சாமிப் படத்தில் தொங்கியது. சிலர் அதற்குக் குங்குமம்கூட வைத்தார்கள்.

சிவகாசிப் பக்கம், ஆமத்தூருக்கு அடுத்த ஊரில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, பட்டாசு கம்பெனி ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம். (கேமராவுக்குப் பின்னால் நிற்கிற வேலை என்பதால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.) நான் எடுத்த தேர்ப் படம் ஒன்று எவரோ அடித்த ஃபிளெக்ஸில் வந்தது. பிறகு ஒரு புஸ்வாணப் பெட்டியின் மேல் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி பாக்கியம் சொன்னாள்.

"ஒங்க படம் ஊரெல்லாம் போய்ட்டு வருது. நீங்க மட்டும் வீட்டுக்குள்ளயே இருக்கீக. ஒரு பேரையாவது எழுதி விடுங்க."

பாக்கியம் சிவகாசியில் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அச்சில் வருகிற பெயர் என்றால் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

யாரிடமும் கேட்கக் கூசி, செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு கேமராவிலிருந்து எந்தப் படத்தை இறக்கினாலும் அதுவாகவே கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'சி'யும் வைத்துவிடும். அந்த வட்டம் இருந்தால் படம் நமக்குச் சொந்தம் என்று அர்த்தமாம். ஒரு கல்யாணத்துப் படங்களை இறக்கிவிட்டு, டீ குடித்து வந்து பார்த்தேன். மாப்பிள்ளை, பொண்ணு, பந்தியில் அப்பளம் நொறுக்குகிற மாமா, எல்லார் காலடியிலும் 'ச. முத்துக்காளை'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் கை எழுதியது ஒரே ஒரு தடவை. மிச்சத்தை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத யாரோ உள்ளே உட்கார்ந்து, என் கை நடுக்கம்கூட மாறாமல் எழுதியிருந்தார். அன்று கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டினேன். (சிரிக்காதீர்கள். லாரிக்குக் காட்டுவதில்லையா?) எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று தங்க நிறமும் கொடுத்தேன்.

எல்லார் கையிலும் போன் கேமரா வந்துவிட்டதால் ஸ்டூடியோவை மூடிவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் அம்மன் கோவில் பொங்கலுக்கு முந்தின வாரம் பட்டாசு கம்பெனி முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். போன சீசன் முழுக்கக் கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. அதற்காக அவர் வீட்டம்மா நேர்ந்துகொண்டு, அம்மனுக்கு அரக்குப் பட்டு ஒன்றை வெளியில் யாருக்கும் சொல்லாமல் கோவில் வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏப்பா, அந்தப் பட்டோட அம்மனை எடு, நம்ம காலண்டருக்கு. நல்லா வந்துச்சுன்னா பெட்டி லேபிளுக்குப் படம் அம்புட்டும் இனி ஒனக்குத்தான்" என்றார் அண்ணாச்சி.

பொங்கலன்று கோவிலில் திரை விலகியபோது கேமராவைத் தூக்கவே மறந்துவிட்டேன். தீபாராதனைத் தட்டு மேலே போகப் போக, அரக்குப் பட்டு ஒவ்வொரு மடிப்பாகப் பற்றிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. கம்பெனியில் வெடிமருந்து இடிக்கிற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டபடி அசையாமல் நின்றார்கள். வேலைக்கு வேனில் ஏறும்போது தினமும் அவர்கள் அம்மனிடம் எதைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்று அந்த முகங்களில் தெரிந்தது. எப்படியோ எடுத்து முடித்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தது அம்மன் முகத்தை மட்டும்தான். அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

தீபாவளி நெருக்கத்தில் பாக்கியம் ஒரு காலண்டரோடு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆத்தாளுக்குப் பட்டு எடுத்துக் குடுத்திருக்கீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

வாங்கிப் பார்த்தேன். அம்மன் சேலையின் கொசுவத்தில், ஜரிகையில் நெய்ததுபோல், தங்க எழுத்தில் என் கையெழுத்து.

எங்கள் கோவிலில் பெயர் எழுதாத சாமானே கிடையாது. டியூப் லைட்டில்கூடக் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடை பெயர் எல்லாம் போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். சேலையில் பெயர் இருந்தால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

"இது என்ன வட்டம்?" என்றாள் பாக்கியம்.

"எனக்குச் சொந்தம்னு அர்த்தம்."

"எது, ஆத்தாளா?"

போனஸோடு கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் காலண்டர் போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் நான் போனதும் பெஞ்சில் இடம் விட்டார்கள். "சத்தமில்லாமச் செஞ்சிருக்கீகளே" என்றார் ஒருவர். "நான் குடுக்கலைங்க" என்றேன். "பாத்தியா, ஒத்துக்கிறாரா பாரு. தங்கமான மனுசன்" என்று அவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். நான் மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறியது.

அண்ணாச்சி ஆள் அனுப்பினார். பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸில் அவரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். நடுவில் சுவரில் காலண்டர்.

"ஏலே, எம் பொண்டாட்டி சாத்துன பட்டுல ஒம் பேரா? சேலை உபயம் இன்னாருன்னு அம்மன் காலடியில வரணும்னு அச்சகத்துல சொல்லியிருந்தேன். கேட்டா, 'படத்துலயே ஒரு பேரு இருந்துச்சே அண்ணாச்சி, அதான் போலன்னு விட்டுட்டோம்'ங்கான்."

லேபிள் வேலை கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. "நான் போடல அண்ணாச்சி. அதுவாப் போட்டுச்சு" என்றேன்.

"எதுவா?"

நான் பாக்கியத்தைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டருங்க மொதலாளி" என்றாள் பாக்கியம். "இவுக சும்மா இருந்தாலும் அது எழுதிரும். இவுகளுக்குப் பேசுறதுக்கும் அப்படி ஒண்ணு வாங்கணும்."

அண்ணாச்சி வீட்டம்மா என்னைப் பார்த்தார். "யாரும் கை வைக்காம, தானா விழுந்த பேரா?"

"ஆமாம்மா."

அவர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பேரு வெளிய வரக் கூடாதுன்னுதான் நேர்ந்துக்கிட்டேன். இவுககிட்ட எம்புட்டோ சொன்னேன், கேக்கல. ஆத்தா பாத்துக்கிட்டா."

அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி வைத்தவன் நான். அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை மயிர் சிலிர்த்து நின்றது. அண்ணாச்சி காலண்டரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "லேபிள் வேலைய ஆரம்பி. வெடிப் பெட்டியில எல்லாம் அது தானா எழுதிறாமப் பாத்துக்க" என்றார்.

அன்றே அந்த வசதியை நிறுத்திவிட்டேன். (இதை எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "எம் பேர மட்டும் போட்றாதீக" என்றார்.) ஆனால் ஊரை நிறுத்த முடியவில்லை. அடுத்த கோவில் பொங்கலுக்குப் பூசாரி ஸ்டூடியோவுக்கே வந்து, "இந்த வருசம் என்ன கலருங்க?" என்று கேட்டார். நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். "பச்சை" என்றுதான் வந்தது.

அதிலிருந்து வருடா வருடம் பட்டு எடுக்கிறேன். மேளத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஊர் நடுவே நடக்கிறேன். பக்கத்தில் பாக்கியம் விலை குறைந்த பூனம் சேலையில் வருவாள். கேட்கிறவர்கள் எல்லாரிடமும் அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்.

"நானும் ஒரு காலண்டர்ல வந்தாத்தான் இவுக எனக்குப் பட்டு எடுப்பாக."