சாவிக்கொத்து வைத்தியர்

கணினி வைத்தியர்களில் ஒரு வகை உண்டு. கடை வைத்திருக்க மாட்டார்கள், பெயர்ப்பலகை மாட்டியிருக்க மாட்டார்கள், படித்ததும் வேறு ஏதாவதாக இருக்கும். ஆளைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் போதும்: வண்டிச் சாவி தொங்கும் வளையத்திலேயே ஒரு பென் டிரைவும் தொங்கும். அதற்குள் புத்தம்புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று, கூப்பிட்ட இடத்துக்குப் போய் இறங்கத் தயாராக இருக்கும். உங்கள் கணினி மெதுவாக ஓடுகிறதா? பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறதா? கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தான் ஒட்டிக்கொள்கிறதா? எதைச் சொன்னாலும் இவர்களுக்கு ஒரே மருந்துதான்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு, புதுசா போட்டுடலாம்!"

அழிக்கும் பொத்தானை அழுத்திய பிறகு, நிதானமாகத் திரும்பி, "முக்கியமானது எதுவும் இல்லையே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு அலறாத வீடு உண்டா?

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் மனைவியின் அண்ணன். அடுத்த தெருவில் வீடு. நல்ல மனிதர், கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். அதுதான் பிரச்சினையே.

அன்று மத்தியானம் என் மனைவிக்கு நேர்காணல். குழந்தைகளுக்காக விட்ட மெய்ப்புத் திருத்தும் வேலையை மறுபடி பிடிக்க அவள் எத்தனையோ பதிப்பகங்களுக்கு எழுதி, கடைசியில் ஒன்றே ஒன்று பதில் போட்டிருந்தது. முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரு பக்கத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். போனில் நடக்காது, கணினியில்தான் ஆகும். காலையில் ஒத்திகை பார்த்தபோது ஹெட்போனில் சத்தம் வரவில்லை. பதற்றத்தில் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் தடுப்பதற்குள் வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"சத்தம் மட்டும்தாண்ணா வரல."

"சத்தம்கிறது வெளிய தெரியற அறிகுறிம்மா. உள்ள எல்லாம் கெட்டுப்போயிருக்கும்."

சொல்லிக்கொண்டே பென் டிரைவைச் செருகிவிட்டார். வளையம், வண்டிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் கணினியில் காதணி போலத் தொங்கின. பிறகு நீலத் திரையில் எதையோ தட்டி, இனி கணினி எழுந்ததும் முதலில் பென் டிரைவைத்தான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பொத்தானை அழுத்தினார். திரும்பினார்.

"முக்கியமானது எதுவும்..."

"எல்லாத்தையும் நேத்தே வேற இடத்துல எடுத்து வெச்சிட்டேண்ணா," என்றாள் என் மனைவி. பிறந்ததிலிருந்து அண்ணனைப் பார்க்கிறவள் அல்லவா!

எந்த மொழி வேண்டும் என்று திரை கேட்டது. சொன்னார். கோப்புகள் இறங்கின, சதவீதம் ஏறியது, கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்ததும் கேட்டது: எந்த மொழி வேண்டும்?

"சில மெஷின் ரெண்டு தடவை கேக்கும்," என்றார்.

மறுபடி சொன்னார், மறுபடி இறங்கின, மறுபடி அணைந்தது, மறுபடி எழுந்தது. எந்த மொழி வேண்டும்?

மச்சான் முகத்தில் வைத்தியக் களை வந்தது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதி, எங்கள் எல்லோர் கண்ணிலும் தூசியைப் போட்டார். உள்ளே இருந்த ரேம் அட்டையைப் பிடுங்கி, என் மகளின் அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். கரண்ட் சரியில்லை என்றார், மதர்போர்டு பழசு என்றார், கடைசியில் என்னைப் பார்த்து, "மாப்ளே, வாங்கும்போதே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். மனைவியின் அண்ணன் ஆயிற்றே! சிரித்து வைத்தேன். கணினி மட்டும் அலுக்காமல் மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் மனைவி இஸ்திரி போட்ட உடையோடு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். "விடுண்ணா, நான் வரலன்னு சொல்லிடறேன்," என்று போனைக் கையில் எடுத்தாள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சானின் மனைவி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"என்னங்க, பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்னு தெரியாதா? வண்டிச் சாவி எங்க?"

கணினி அப்போதுதான் இன்னொரு முறை அணைந்திருந்தது. அவர் தொங்கிய சாவியைப் பார்த்தார், வெடுக்கென்று பிடுங்கினார், போய்விட்டார்.

"ஐயோ! போச்சு! எல்லாம் போச்சு!" என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கணினி எழுந்தது. மொழியைக் கேட்கவில்லை. பென் டிரைவைத் தேடியது, காணோம், வேறு வழியில்லாமல் தன் உள்ளேயே பார்த்தது. காலையிலிருந்து திரும்பத் திரும்ப இறக்கிய சிஸ்டம் அங்கே சமர்த்தாகக் காத்திருந்தது. வாருங்கள், வாருங்கள் என்று திரை வரவேற்றது.

மச்சான் தலையிலிருந்து கையை எடுத்தார். "அதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்னு நான் சொல்லிட்டே இருந்தேன்ல?"

ஹெட்போனைக் காதில் வைத்தாள் என் மனைவி. சத்தம் வரவில்லை.

"அப்ப இந்த வெர்ஷன் சரியில்லம்மா. புதுசா..." என்றபடி மச்சானின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. மருந்து வண்டியேறிப் போயிருந்தது.

அவர் பையைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவி பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தாள். ஹெட்போன் வயர் மைக் ஓட்டையில் இருந்தது. பிடுங்கி, பக்கத்து ஓட்டையில் செருகி, நேர்காணலுக்கான அழைப்பைத் திறந்தாள். "வணக்கம், கேக்குதாங்க?" என்றது பதிப்பகத்திலிருந்து ஒரு குரல்.

வேலை கிடைத்துவிட்டது. தன்னால்தான் கிடைத்தது என்று மச்சான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள்: கணினி இரண்டாம் முறை மொழி கேட்டபோதே, "அட, அந்தப் பென் டிரைவைப் பிடுங்குங்கய்யா!" என்று உங்கள் நாக்கு துடித்ததா இல்லையா? துடித்ததென்றால், நீங்களும் அந்த வகைதான்; தயவுசெய்து முதலில் வண்டிச் சாவியைக் கழற்றி வீட்டில் கொடுத்துவிடுங்கள்.