சலாம் போடாதவன்

"நேத்தும் சலாம் போடலியேடா நீ!"

கங்காணி பத்துமலையின் சத்தத்தில் மரநிரையே அடங்கியது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அர்ச்சுனன் கத்தியோடு திரும்பினான்.

"எங்கய்யா பாத்தீங்க?"

"ஓடைக்கரையில! நான் பாதையில போறேன், நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிற. இன்னைக்கு அரைப்பேருதான்டா!"

ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்துத் தோட்டங்களில் அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. அர்ச்சுனன் பட்டையில் மயிரிழை பிசகாமல் கத்தி இறக்குகிறவன்தான். ஆனால் நாலு மரம் தள்ளி நிற்கிற மனிதர் அவனுக்கு வெறும் புகை. கங்காணி எப்போது போனார், எப்படிப் போனார், அவனுக்கு என்ன தெரியும்?

லயத்து வீட்டில் அவன் மனைவி நல்லம்மாள் கொதித்தாள். "கண்ணுல சூடு ஏறியிருக்கு. வெங்காயச் சாறு விட்டா எறங்கிரும்."

விட்டாள். காலையில் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்த கண்களோடு வேலைக்குப் போனான்.

"விடியறதுக்கு முன்னாடியே கள்ளாடா?" கங்காணி கத்தினார். "இன்னைக்கும் அரைப்பேரு!"

கண்ணைச் சுருக்கினால் கொஞ்சம் தெரிந்தது. சுருக்கிப் பார்த்தான்.

"என்னையே மொறைக்கிறியா?"

கடைசியில், எது அசைந்தாலும் சலாம் என்று முடிவெடுத்தான். துரைக்குப் போட்டான். பால்வண்டி மாட்டுக்குப் போட்டான். கொடியில் காய்ந்த வேட்டிக்கும் போட்டான். தோட்டமே சிரித்தது. கங்காணி மட்டும் பிரம்பை ஓங்கினார். "மாட்டுக்குப் போடுற கை எனக்குப் போடாதா?"

இதற்கு மேல் அர்ச்சுனனால் பொறுக்க முடியவில்லை. தீபாவளி வேட்டியை மறந்துவிட்டு, அதற்குச் சேர்த்த காசில் ஈப்போவில் ஒரு சீனர் கடையில் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி வாங்கிவந்தான். நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணாடி போட்டா இருக்குற பார்வையையும் தின்னுரும்லா! இன்னும் ஒரு மண்டலம் பொன்னாங்கண்ணி தின்னா சரியாயிரும்."

"தின்னு தின்னு நாக்குதான் பச்சையாச்சு. சும்மா இரு!"

மறுநாள் கங்காணி பாதை முனையில் தெரிந்ததுமே பெரிய சலாமாக வைத்தான். அவர் கண்டுகொள்ளவேயில்லை. கிட்டே வந்த பிறகுதான் வெடித்தார்.

"கூலிக்காரனுக்குக் கண்ணாடியா? நீ என்ன ஆபீஸ் கிராணியா?" வெடுக்கென்று பிடுங்கினார்.

"குடுங்கய்யா!" அர்ச்சுனன் முதல்முறையாகக் கத்தினான். "என் ஒழைப்புல வாங்குனது! ஒடைஞ்சா சும்மா விடமாட்டேன்!"

"ஓ! தொரை மாதிரி மெரட்டுறியா? இரு, நானும் தொரையாவுறேன்." கண்ணாடியை மூக்கில் மாட்டி, இடுப்பில் கைவைத்து, எல்லாரும் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றினார் பத்துமலை.

பாதிச் சுற்றில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. உச்சிக் கிளைகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஓடைக்கரையை. வெகுநேரம் பார்த்தார்.

"அந்த... ஓடைக்கரையில," கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார், "அந்தக் கருகுன மொட்டமரம் எப்பலேருந்து நிக்கிது?"

அடுத்த நிரையில் பால்வாளியை இறக்கிவைத்த ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

"அதா? போன வருசம் இடி விழுந்ததுலேருந்து அங்கதான நிக்கிது. ஏன் கங்காணி, அது ஒங்களுக்குச் சலாம் போடலியா?"